பின்பக்கம் தூக்கலாமா?
பிக்-அப் வண்டிக்குப் பட்டை ஏற்றுமுன் போட வேண்டிய கணக்கு

பெங்களூர் ஜே.சி. ரோட்டிலிருந்து கலாசிப்பாளையம் பக்கம் திரும்பினால், உதிரிப்பாகக் கடைகளின் இரைச்சலுக்கு நடுவே சம்மட்டி ஓசை ஒன்று தனியாகக் கேட்கும். அது பட்டைப் பட்டறை. வண்டியின் பின் அச்சைத் தாங்கும் வில் போன்ற எஃகுத் தகடுகளைத்தான் நம்மவர்கள் ‘பட்டை’ என்கிறார்கள். நல்ல அரிவாள் வேண்டுமென்றால் லாரிப் பட்டையில் அடிக்கச் சொல்வது நம் ஊர்ப் பக்கத்துப் பழக்கம். அந்தப் பட்டையேதான் இது.

அங்கே சென்ற மாதம் ஒரு காலை நேரத்தில் நின்று கொண்டிருந்தபோது, ஒரு பிக்-அப் வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ராயக்கோட்டைக்காரர். பொம்மனஹள்ளியில் குடியிருக்கிறார். சொந்த வண்டி, அதாவது, பாதி அவருடையது, மீதி கடன் கொடுத்தவருடையது. ராயக்கோட்டையிலிருந்து ஓசூர், அத்திப்பள்ளி வழியாக பெங்களூருக்குத் தக்காளி ஏற்றி வருகிறார்.

“பாய், ரெண்டு பட்டை ஏத்திக் குடுங்க. லோடு ஏத்துனா பின்னாடி உக்காந்துடுது. மூணு இஞ்சு தூக்கி நின்னா போதும்” என்றார்.

பட்டறைக்காரர் எழுபதை நெருங்கியவர். பதில் சொல்லாமல் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “எத்தினி பெட்டி ஏத்துற தம்பி?” என்றார்.

“நூத்தம்பது.”

“கம்பெனிக்காரன் எத்தினி சொன்னான்?”

ஓட்டுநர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள்தான் இந்தக் கட்டுரை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பெட்டிக் கணக்கு

கோலார், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் தக்காளிப் பெட்டி ஒன்றுக்குப் 15 கிலோ என்பது வழக்கம். பெட்டியின் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய 17 கிலோ. வண்டியின் அனுமதிக்கப்பட்ட சுமை 1,700 கிலோ என்றால் நூறு பெட்டி. நூற்றைம்பது பெட்டி என்பது 2,550 கிலோ. வெறும் வண்டி சுமார் 1,750 கிலோ இருக்கும். ஆக மொத்தம் 3,450 கிலோவாக ஓட வேண்டிய வண்டி 4,300 கிலோவாக ஓடுகிறது. கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம். அதே வேகத்தில் அதே இடத்தில் நிறுத்த வேண்டுமானால் பிரேக்குகளும் அதே கால் பங்கு கூடுதலான சூட்டைத் தாங்க வேண்டும்.

அந்த ஐம்பது பெட்டி வாடகைதான் மாதத் தவணைக்குப் போகிறது என்றார் அவர். இதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. டீசல், டயர், இன்ஷூரன்ஸ், தவணை எல்லாம் போக வீட்டுக்கு மிஞ்சுவது அந்தக் கடைசி வரிசைப் பெட்டிகள்தான் என்பது பெங்களூர்த் தமிழர்களில் வண்டி வைத்திருக்கும் பலருக்கும் தெரிந்த கதை.

1986-ல் டாடா 407, 1988-ல் டாடா மொபைல் 206, 2005-ல் டாடா ஏஸ், 2011-ல் நம் ஓசூரிலேயே தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் என்று சிறு சரக்கு வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒற்றை ஆள் முதலாளிகள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். கூடவே, வண்டி வாங்கிய மறுவாரமே பட்டைப் பட்டறைக்குப் போகும் வழக்கமும் வேரூன்றிவிட்டது.

பட்டை என்ன செய்கிறது?

பல தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு சென்டர் போல்ட் போட்டு, இரண்டு ‘யு’ போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கியிருப்பார்கள். மேலே நீளமாக இருப்பது மெயின் பட்டை. அதன் இரு முனைகளிலும் கண் போல் சுருட்டியிருக்கும். ஒரு கண் சேஸிஸில் நேராக மாட்டியிருக்கும். மறு கண் ஷாக்கிள் எனப்படும் ஊசலாடும் தொங்கலில் மாட்டியிருக்கும். பட்டை அமுங்கும்போது நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷாக்கிள்.

பல வண்டிகளில் அடியில் தடித்த நேர்த் தகடு ஒன்றோ இரண்டோ தனியே இருக்கும். அது ஹெல்பர் பட்டை. வெறும் வண்டியில் அது வேலை செய்யாது. சுமை ஏறி மற்றவை அமுங்கிய பிறகே அதன் மீது பாரம் உட்காரும். வெறுமையில் மென்மை, பாரத்தில் உறுதி என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே செய்து கொடுத்த ஏற்பாடு இது.

தகட்டின் தடிமனுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. தடிமன் இரண்டு பங்கானால் விறைப்பு எட்டு பங்காகும். மும்மடிப் பெருக்கம் என்று பள்ளியில் படித்தது இதுதான். எட்டு மில்லிமீட்டர் தகடுகள் ஏழு உள்ள ஒரு செட்டில் அதே மாதிரி இன்னொன்று சேர்த்தால் தோராயமாக ஏழில் ஒரு பங்கு, அதாவது 14 சதவீதம் விறைப்பு கூடும். “கைவசம் இதுதான் இருக்கு” என்று பத்து மில்லிமீட்டர் தகடு ஒன்றைச் செருகினால், அது எட்டு மில்லிமீட்டர் தகடுகள் இரண்டுக்குச் சமம். 28 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தான். ஒரு பட்டை ஏற்றினேன் என்று சொல்லும் இருவரின் வண்டிகள் இரு விதமாக ஓடுவதற்குக் காரணம் இதுவே.

நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்து, ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி விட்டு நிற்கும் பாரபாலிக் பட்டைகளும் இப்போது உண்டு. அவற்றுக்கு நடுவில் சாதாரணத் தகட்டைச் செருகக் கூடாது. உரசி, உரசிய இடத்தில் கீறல் விழுந்து, கடைசியில் நல்ல பட்டையே முறியும்.

தூக்குவதற்கு நான்கு வழிகள்

பட்டறையில் உயரம் கூட்டச் சொன்னால் செய்யும் வேலைகள் பொதுவாக நான்கு. முதலாவது, மேலே சொன்ன மாதிரி தகடு சேர்ப்பது.

இரண்டாவது, இருக்கிற தகடுகளையே கழற்றி வளைவைக் கூட்டுவது. இதில் பெரியவர் நீண்ட நேரம் பேசினார். பட்டை எஃகு சாதாரண இரும்பு போல் அல்ல. சிலிக்கன், மாங்கனீஸ், குரோமியம் போன்றவை கலந்தது. அதைச் சரியான சூட்டுக்கு ஏற்றி, எண்ணெயில் தோய்த்து, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்தினால்தான் வில்லின் குணம் நிற்கும். உலையில் சிவக்க வைத்து, அடித்து வளைத்து, தரையில் போட்டு ஆறவிட்டால் அது வெறும் தகடு. குளிர்ந்த நிலையிலேயே சம்மட்டியால் அடித்து வளைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. “அது ரெண்டு மாசம் நிக்கும். அப்புறம் பழையபடி படுத்துடும். காசு வாங்குனவன் மூஞ்சி மட்டும் நிமிந்து நிக்கும்” என்றார். பட்டையின் மீது வெல்டிங் வைப்பதைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் சுளித்ததைத் தவிர வேறு பதில் இல்லை. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பதம் போய், அங்கேதான் முதலில் வெடிக்கும்.

மூன்றாவது, நீளமான ஷாக்கிள் மாட்டுவது. மலிவான வழி. ஆனால் இரண்டு அங்குலம் நீட்டினால் அச்சின் மேல் ஓர் அங்குலம்தான் உயரும். ஒரு முனை மட்டும்தானே நகர்கிறது. தவிர, அச்சு சற்றே திரும்பிக் கொள்ளும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிரும். ஜாயிண்ட் கிராஸ் சீக்கிரம் போகும். வண்டி பக்கவாட்டில் ஆடுவதும் கூடும்.

நான்காவது, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது. பின்பக்கத்துக்குச் சரியான அளவில் வார்த்த கட்டையும் நீளமான புதிய யு போல்ட்டும் போட்டால் ஓரளவு தேறும். ஆனால் பிரேக் போடும்போதும் வேகமெடுக்கும்போதும் அச்சு முறுக்கிக் கொள்ளப் பார்க்கும். கட்டை உயர உயர அந்த முறுக்கு கூடும். கட்டை மேல் கட்டை அடுக்குவது ஆபத்து. முன் அச்சில் கட்டை வைப்பது கூடவே கூடாது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் சேரும் இடத்தில் இந்த விளையாட்டு எதற்கு?

பழைய யு போல்ட்டைத் திரும்ப மாட்டுவதையும் பெரியவர் ஒப்புக் கொள்வதில்லை. ஒரு முறை இறுக்கியதில் அதன் மரை நீண்டிருக்கும் என்கிறார். புதிதாகப் போட்டாலும் சில நாள் பாரம் ஏற்றி ஓட்டிய பிறகு மறுபடி வந்து இறுக்கிக் கொள்ள வேண்டும். வருபவர்கள் பத்தில் இரண்டு பேர்தான் என்று வருத்தப்பட்டார்.

யாரும் பார்க்காத ஒரு வால்வு

இனி சொல்லப் போவதுதான் முக்கியமானது. பட்டறையில் நின்றிருந்த நான்கு ஓட்டுநர்களிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பல பிக்-அப் வண்டிகளில் பின் அச்சுக்கு மேலே, சேஸிஸில் ஒரு சிறிய வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ சுருளோ அச்சுக்கு இறங்கியிருக்கும். பட்டறைகளில் இதை எல்.எஸ்.பி.வி. என்பார்கள். வண்டியின் பின்பக்கம் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று அந்தக் கம்பி பார்க்கிறது. நன்றாக உட்கார்ந்திருந்தால் பாரம் இருக்கிறது என்று பொருள். பின் சக்கர பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும். தூக்கி நின்றால் வண்டி காலி என்று பொருள். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக் கொண்டு வழுக்காமலிருக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும்.

இப்போது இரண்டு பட்டை ஏற்றி, பாரத்திலும் வண்டி உட்காராமல் செய்துவிட்டோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மேலே இரண்டரை டன் தக்காளி இருக்கிறது. வால்வுக்குக் கண்ணில்லை. வண்டி காலி என்று நினைத்து, பின் பிரேக்கைக் குறைக்கிறது. அத்தனை பாரமும் முன் பிரேக்கின் தலையில். மிதித்தால் நிற்க வேண்டிய தூரத்தைத் தாண்டிப் போகும். ஓட்டுநர் பிரேக் வேலை செய்யவில்லை என்று லைனர் மாற்றுவார், வீல் சிலிண்டர் மாற்றுவார். காரணம் பட்டையில் இருக்கும்.

ஆகவே உயரத்தை எந்த விதத்தில் மாற்றினாலும் அந்த வால்வின் கம்பியைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குத் திரும்ப அமைக்க வேண்டும். இதைப் பட்டைப் பட்டறையில் செய்வது வழக்கமில்லை; பிரேக் தெரிந்த மெக்கானிக்கிடம் போக வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள புதிய வண்டிகள் சிலவற்றில் இந்த வால்வு இருக்காது. இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பிரேக் ரப்பர் ஹோஸும் அப்படித்தான். மூன்று அங்குலம் தூக்கிய வண்டி ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி அச்சு தொங்கும்போது அந்த ஹோஸ் விறைத்து இழுபடும். ஷாக் அப்சார்பரும் முழு நீளத்துக்கு நீண்டு உள்ளே இடிபடும். உயரத்தைக் கூட்டிவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டால் சில மாதங்களில் எண்ணெய் கசிய ஆரம்பிப்பதன் ரகசியம் அதுதான்.

காலி வண்டியின் இரவு

பாரத்தோடு போகும்போது என்ன ஆகும் என்றே எல்லோரும் பார்க்கிறார்கள். வண்டி பாதி நேரம் காலியாகத்தானே ஓடுகிறது! மார்க்கெட்டில் இறக்கிவிட்டு இரவில் ராயக்கோட்டைக்குத் திரும்பும் வண்டியை நினைத்துப் பாருங்கள். பின்பக்கம் மூன்று அங்குலம், அதாவது ஏழரை சென்டிமீட்டர் தூக்கி, மூக்கு குத்தி நிற்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே மூன்று மீட்டர் என்றால் நூற்றுக்கு இரண்டரை சரிவு. ஹெட்லைட்டின் தாழ்ந்த ஒளி சாதாரணமாக நூற்றுக்கு ஒன்று சரிந்திருக்கும். விளக்கு முக்கால் மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒளி 75 மீட்டர் தூரத்தில் சாலையைத் தொடும். பின்பக்கம் தூக்கிய வண்டியில் சரிவு மூன்றரையாகி, ஒளி 21 மீட்டரிலேயே தரையில் விழுந்துவிடும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றேகால் வினாடிதான் ஆகும். விளக்கில்லாத மாட்டு வண்டியோ, பழுதாகி நிற்கும் லாரியோ கண்ணில் படுமுன் மோதல் நடந்துவிடும். விளக்கைத் திருகி மேலே தூக்கி வைத்தால், மறுநாள் பாரம் ஏறியதும் அது எதிரில் வருபவர் கண்ணில் குத்தும்.

ஸ்டியரிங்கும் மாறும். முன் சக்கரம் தானாக நேருக்கு வரும்படி அதன் அச்சுக்கு ஒரு பின்சாய்வு கொடுத்திருப்பார்கள். அது பல வண்டிகளில் இரண்டு அல்லது மூன்று டிகிரியே. பின்பக்கத்தை மூன்று அங்குலம் தூக்கினால் அதில் ஒன்றரை டிகிரி போய்விடும். வண்டி நேராக ஓடாமல் அலைபாயும். ‘அலைன்மெண்ட் போயிடுச்சு’ என்று அதற்குத் தனியாகச் செலவு செய்வோம்.

விறைத்த பட்டையில் காலி வண்டி பெங்களூர் ஹம்ப் ஒவ்வொன்றிலும் குதிக்கிறது. சக்கரம் தரையை விட்டு எழும் நேரத்தில் பிரேக்குக்கும் பிடிப்பில்லை. நாளடைவில் சேஸிஸில் பட்டை தொங்கும் பிடிகளைச் சுற்றிக் கீறல் விழும். பாடி மூலைகளில் வெடிப்பு வரும். அரை பாரம் ஏற்றிய நாட்களில் தக்காளியே அடிபடும். அடிப் பெட்டியில் நசுங்கிய பழத்துக்கு மண்டிக்காரர் கழிக்கும் தொகையை யாரும் பட்டைக் கணக்கில் எழுதுவதில்லை.

பட்டை சேர்ப்பதால் வண்டி உட்காருவது குறையுமே தவிர, தாங்கும் திறன் கூடாது. டயர், வீல் பேரிங், அச்சுக் குழாய், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழைய அளவுதான். வண்டி உட்காருவது ஓர் எச்சரிக்கை. பட்டை ஏற்றியவர் அந்த எச்சரிக்கையின் வாயை அடைத்துவிடுகிறார். பிறகு டயர் வெடிப்பதுதான் அடுத்த எச்சரிக்கை.

பொழுதுபோக்கு வண்டிகள்

பெங்களூரில் இன்னொரு கூட்டமும் உயரம் கேட்டு வருகிறது. 2016-ல் வந்த இசுஸு வி-கிராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பெரிய பிக்-அப்களை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள். சனி, ஞாயிறுகளில் குன்று, காடு என்று போகிறவர்கள். இவர்கள் பாரத்துக்காகத் தூக்குவதில்லை. கல்லும் பள்ளமும் தாண்ட வேண்டும் என்பதற்காக.

இவர்கள் அறிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பின்பக்கம் முழு அச்சு உள்ள வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் கூடு. பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் கூடு ஒரு நூல்கூட உயராது, ஏனெனில் அது சக்கரத்தோடு இருக்கிறது. உயர்வது சேஸிஸும் பாடியும்தான். கூட்டை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் கூடு ஓர் அங்குலம் உயரும். பெரிய டயர் போட்டாலோ ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டும், கியர் இழுவை குறையும், திருப்பும்போது உள்ளே உரசும்.

இந்த வண்டிகளில் முன்பக்கம் தனித்தனிச் சுருள் வில். அதை உயர்த்தும்போது சக்கரத்தைத் திருப்பும் ஜாயிண்டுகளும் நான்கு சக்கர ஓட்டத்தில் இழுக்கும் ஷாஃப்ட்டுகளும் கோணலாக நின்று தேயும். இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் மேல் கைகளையே மாற்ற வேண்டி வரும். ஐந்தாயிரம் ரூபாய்க்கு ஸ்பேசர் செருகித் தருகிறேன் என்பவரிடம், பிறகு அலைன்மெண்ட் அளவுக்குள் வருமா என்று முதலில் கேளுங்கள்.

வண்டி உயர்ந்தால் கவிழும் வாய்ப்பும் கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சக்கர அகலம் 1.4 மீட்டர், பாரத்தோடு எடையின் மையம் ஒரு மீட்டர் உயரம் என்று வைத்தால், பாதி அகலத்தை உயரத்தால் வகுக்க 0.70 வரும். எட்டு சென்டிமீட்டர் தூக்கினால் 0.65. இது மட்டும் பெரிய வீழ்ச்சியாகத் தோன்றாது. ஆனால் தக்காளிக்காரர் அதன் மேல் இன்னும் இரண்டு வரிசைப் பெட்டி அடுக்குகிறார். பாரத்தின் மையம் அதைவிட மேலே போகிறது. மேம்பாலத்திலிருந்து வளைந்து இறங்கும் இடங்களில் ரோடு முழுக்கத் தக்காளி சிதறிக் கிடப்பதை நாம் பார்த்ததில்லையா?

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதப்பட்டது.

பதிவுச் சான்றில் பட்டையின் எண்ணிக்கை எங்கே எழுதியிருக்கிறது என்று ஓட்டுநர்கள் வாதாடுவதுண்டு. எழுதியிருக்கவில்லைதான். வண்டியின் வெற்று எடையும் பாரத்தோடு கூடிய எடையும் எழுதியிருக்கிறதே! அதிக பாரத்துக்கு அந்தச் சட்டத்தில் உள்ள தொகை 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. மிகையை இறக்காமல் வண்டி நகர முடியாது. இறக்கு கூலியும் நம் தலையில். மாநிலங்கள் சமரசத் தொகையைக் குறைத்து வைப்பதுண்டு என்றாலும், நடுரோட்டில் இறக்கி வைத்த தக்காளிக்கு எந்த அரசாங்கமும் சலுகை தராது.

சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டாண்டுக்கு ஒரு முறையும், பிறகு வருடந்தோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்கு முந்தின நாள் பட்டையைக் கழற்றி, மறுநாள் மாட்டும் சாமர்த்தியமும் நடக்கிறது. விபத்தானால் சர்வேயர் வந்து படுத்துப் பார்ப்பார் என்பதை மறந்துவிடக் கூடாது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்தால், வழக்கு முடியும் வரை தவணை மட்டும் தவறாமல் வந்து கொண்டிருக்கும்.

டேப் சொன்ன சேதி

பெரியவர் ராயக்கோட்டைக்காரரின் வண்டியை உடனே ஜாக்கியில் ஏற்றவில்லை. சமதரையில் நிறுத்தச் சொன்னார். டேப்பை எடுத்து, பின் சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே பாடி வளைவு வரை அளந்தார். வலப்பக்கம் 19 அங்குலம். இடப்பக்கம் 18¼.

“பாத்தியா? ரெண்டு பக்கமும் ஒண்ணா உக்காந்தா பாரம். ஒரு பக்கம் மட்டும் உக்காந்தா நோவு” என்றார்.

நம் ரோடுகள் இடது ஓரம் சரிந்திருக்கும். பள்ளங்களும் அந்த ஓரத்தில்தான் அதிகம். இடது பட்டை முதலில் சோர்வது இயல்பு. கழற்றிப் பார்த்தபோது இரண்டாவது தகடு சென்டர் போல்ட் துளைக்கு அருகே முறிந்திருந்தது. மேலும் கீழும் மற்ற தகடுகள் பிடித்துக் கொண்டிருந்ததால் வெளியே தெரியவில்லை. முறிந்த இடத்தில் துரு கருத்திருந்தது. பல வாரத்து முறிவு. ஷாக்கிள் புஷ் நசுங்கி, ரப்பரே இல்லை. ஷாக் அப்சார்பரைக் கையால் அழுத்தினால் சைக்கிள் பம்பு போல் போய் வந்தது. இந்த நிலையில் மேலே இரண்டு பட்டை ஏற்றியிருந்தால், வண்டி நிமிர்ந்து நின்றிருக்கும். முறிவு உள்ளேயே இருந்திருக்கும்.

உயரம் மாற்ற நினைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இந்த அளவெடுப்புதான். காலி வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் அளந்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். வண்டி புதிதாக இருக்கும்போதே எழுதி வைத்தால் இன்னும் நல்லது. பக்கத்துக்குப் பக்கம் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பழுதைத் தேடுங்கள். இரண்டு பக்கமும் சமமாகத் தாழ்ந்திருந்தால் பட்டை வயதாகிவிட்டது. கம்பெனி அளவிலேயே புது செட் போட்டால் இழந்த உயரம் திரும்பி வரும். அனுமதித்த பாரத்திலேயே உண்மையில் உட்காருகிறது, பட்டையும் நன்றாக இருக்கிறது என்றால், அதே மாடலில் அதிக சுமைக்கான வகைக்குத் தயாரிப்பாளர் தரும் செட் தன் வண்டிக்குப் பொருந்துமா, அனுமதி உண்டா என்று டீலரிடம் எழுத்தில் கேட்கலாம். அனுமதித்த பாரத்துக்கு மேல் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்குப் பெரிய வண்டிதான் வழி.

இந்தக் கடைசி வாக்கியத்தை ராயக்கோட்டைக்காரரிடம் சொன்னபோது, “பெரிய வண்டிக்கு நீங்க தவணை கட்டுறீங்களா சார்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று அவர் இரண்டு பக்கத்துக்கும் கம்பெனி அளவில் புது செட், புஷ், யு போல்ட், ஷாக் இரண்டு போட்டுக் கொண்டார். மேற்கொண்டு பட்டை ஏற்றவில்லை. பெரியவர் ஏற்ற மறுத்தார் என்பதும் உண்மை. அடுத்த சந்தில் ஏற்றித் தர ஆள் உண்டு என்பது இருவருக்கும் தெரியும் என்பதும் உண்மை. வேலை முடிந்ததும் மறுபடி அளந்து, இரு பக்கமும் 19½ என்று டிரைவர் பக்கக் கதவின் உள்ளே சாக்பீஸால் எழுதிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து அதே வண்டியை அத்திப்பள்ளி அருகே விடியற்காலையில் பார்த்தேன். டீக் குடித்துக் கொண்டிருந்தார். பெட்டி எத்தனை என்று கேட்டேன். நூற்றுப் பத்து என்றார். மீதியை ஊர்க்காரர் ஒருவரின் சின்ன வண்டியில் போட்டுவிட்டு, அவர் வண்டிக்குப் பாரம் அதிகமாகும் நாளில் இவர் வாங்கிக் கொள்வதாக ஏற்பாடாம். “இந்த மாசம் தவணை ஒரு வாரம் தள்ளிப் போவும். ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்” என்றார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். சாக்பீஸ் அழிந்துவிட்டது. அதே இடத்தில் ஆணியால் கீறி 19½ என்று எழுதியிருந்தார்.